பெக்கான் பை: பருப்பின் பங்கு



இன்னும் சில நாளில் தேங்க்ஸ்கிவிங், நவம்பர் நான்காவது வியாழன் விருந்து. டெக்சாஸில் அந்த வியாழக்கிழமை வான்கோழி இல்லாத மேசைகள் உண்டு, நம் வீடுகளிலேயே பல அப்படித்தான். ஆனால் பெக்கான் பை இல்லாத மேசை அரிது. வடகிழக்கே நியூ இங்கிலாந்துப் பக்கம் பூசணிப் பைக்குத்தான் முதல் மரியாதை. தெற்கே வந்துவிட்டால் பெக்கானுக்கு. 2013-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதையே மாநிலத்தின் பை என்று தீர்மானம் போட்டது. மாநில மரமும் பெக்கான்தான். அது 1919-லேயே முடிவாகிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு முன்னாள் ஆளுநரின் கடைசி ஆசை இருக்கிறது. ஜேம்ஸ் ஹாக் என்பவர் 1906-இல் இறப்பதற்கு முன், தன் சமாதிக்குக் கல் வேண்டாம், தலைமாட்டில் ஒரு பெக்கான் மரமும் கால்மாட்டில் ஒரு வால்நட் மரமும் நடுங்கள், அவை காய்த்ததும் கொட்டைகளைச் சாதாரண ஜனங்களுக்கு விதைக்கக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அரசியல்வாதிகள் சொல்லிவிட்டுப் போனதில் நிறைவேறியவை குறைவு. இது நிறைவேறியது.

பையை வீட்டில் சுடுவது எப்படி என்று சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் செய்முறை மட்டும் போதுமென்றால் கார்ன் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாலே போதும், ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். மூன்று முட்டை, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் சிரப், இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், வெனிலா, ஒன்றரைக் கப் பருப்பு. கலக்கு, ஊற்று, ஒரு மணி நேரம் சுடு. தவறான செய்முறை இல்லை, பை வரத்தான் செய்யும். என் கட்சி வேறு: அதில் பாகு அதிகம், பருப்பு குறைவு. ருசிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பாகு இந்தப் பைக்குள் எப்படி வந்தது, பருப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால் எதற்கு முதலிடம் என்று நீங்களே முடிவுசெய்துகொள்வீர்கள்.

பெக்கான் இந்த மண்ணின் மரம். மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலிருந்து டெக்சாஸ் வழியாக வடக்கு மெக்சிகோ வரை ஆற்றோரங்களில் தானாக வளர்ந்தது. வால்நட்டின் குடும்பம். 1500-களில் கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கிய ஸ்பானியர் கபேசா தெ வாக்கா, இங்குள்ள பழங்குடி மக்களோடு ஆண்டுக்கணக்கில் அலைந்து திரிந்தார். 1542-இல் வெளியான அவருடைய நூலில், ஆற்றங்கரைக்குக் கூட்டமாக வந்து இரண்டு மாதம் இந்தக் கொட்டையைத் தின்றே ஜனங்கள் உயிர்வாழ்வதை எழுதியிருக்கிறார். மரம் ஒரு வருஷம் காய்த்தால் அடுத்த வருஷம் காய்ப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறார். இன்றைக்கும் பெக்கான் தோட்டக்காரர்கள் இதைச் சொல்லித்தான் புலம்புகிறார்கள். நிறையக் காய்த்த வருஷம் மரத்தின் சேமிப்பெல்லாம் கொட்டைக்குப் போய்விடும். மறு வருஷம் இளைப்பாறும்.

காட்டுப் பெக்கான் சிறியது, ஓடு தடித்தது, உடைத்தால் பருப்பு நொறுங்கித்தான் வரும். நல்ல மரத்தின் கொட்டையை விதைத்தாலும் பிள்ளை மரம் தாயைப்போல இருக்காது. மாமரத்துக்கு உள்ள அதே தொல்லைதான். அப்படியானால் நல்ல மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக்கட்ட வேண்டும். பெக்கானில் ஒட்டு லேசில் பிடிக்காது. மெல்லிய ஓடு கொண்ட ஒரு மரத்தை அப்படிப் பெருக்கிக் காட்டியவர் லூயிசியானாவில், ஓக் ஆலி என்ற கரும்புத் தோட்டத்தில் இருந்த அந்துவான். அவர் அந்தத் தோட்டத்து முதலாளிக்குச் சொந்தமான அடிமை. அந்துவான் என்ற பெயர் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது, குடும்பப் பெயர் பதிவாகவில்லை. 1840-களின் பிற்பாதியில் 16 மரங்களில் அவர் கட்டிய ஒட்டுகள் பிடித்தன. வணிக அளவில் பெக்கான் வளர்ப்பதற்கு வாசல் திறந்தது அதுதான். 1876-இல் அமெரிக்கா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் கொட்டைகளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. வகைக்கு ‘சென்டெனியல்’ என்று பெயரும் வைத்தார்கள். சான்றிதழில் இருந்தது அப்போதைய தோட்ட முதலாளியின் பெயர்.

ஓக் ஆலியில் அந்துவான் ஒட்டுக்கட்டிய மரங்கள் இன்று இல்லை. பின்னாளில் தோட்டம் கைமாறியபோது, கரும்பு போட இடம் வேண்டுமென்று வெட்டிவிட்டார்கள். சர்க்கரை பருப்பின் இடத்தைப் பிடித்தது பைக்குள் மட்டும் நடந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உடைப்பவர்களின் கதை. ஒரு பெக்கானைக் கையில் எடுத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் யார் வீட்டு முற்றத்திலாவது கிடைக்கும், அணில் மிச்சம் வைத்திருந்தால். ஓட்டில் கறுப்புக் கோடுகள், ஒரு முனை கூர்மை. இரண்டு கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து நெரித்தால் ஒன்று உடையும். உள்ளே பருப்பு இரண்டு பாதி. நடுவில் தக்கைபோல ஒரு பழுப்புச் சவ்வு. பருப்பின் பள்ளத்துக்குள்ளும் அது இழையிழையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கசப்பென்றால் அப்படிக் கசப்பு. ஒரு துணுக்கு பையில் விழுந்தாலும் அந்தத் துண்டைத் தின்றவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பாதி உடையாமல் வர வேண்டும், சவ்வு ஒட்டாமல் வர வேண்டும். இதைக் கையால் செய்வது நகமும் பொறுமையும் கேட்கிற வேலை.

1930-களில் அந்த வேலை நடந்த இடம் சான் அந்தோனியோ. நாட்டின் பெக்கானில் ஏறக்குறைய பாதி டெக்சாஸில் விளைந்தது. உடைக்கும் தொழிலுக்குத் தலைநகரம் அந்த ஊர். மேற்குப் பகுதியில் சின்னச் சின்னக் கொட்டகைகளாக நானூறு பட்டறைகள். உடைப்பதற்கு இயந்திரம் அப்போதே இருந்தது. இருந்தும், ஆள்கூலி அதைவிட மலிவு என்று பெரிய கம்பெனிகள் கைவேலைக்கே திரும்பியிருந்தன. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிக வம்சாவளிப் பெண்கள். வெளிச்சம் போதாது, காற்றோட்டம் கிடையாது, கழிப்பிடம் கிடையாது. ஓட்டிலிருந்து பறக்கும் பழுப்புத் தூசி நெஞ்சில் இறங்கியது. அந்த ஊரில் காசநோய்ச் சாவு லட்சத்துக்கு 148. நாட்டின் சராசரி 54. இந்தத் தூசியும் ஒரு காரணம் என்று அன்றே பேசினார்கள். வாரம் முழுக்க உட்கார்ந்து உடைத்தால் இரண்டு, மூன்று டாலர் கிடைக்கும்.

கூலி எடைக்கணக்கு. முழுப் பாதியாக எடுத்தால் ராத்தலுக்கு ஏழு சென்ட், நொறுங்கியதற்கு ஆறு. 1938 ஜனவரியில் அதிலும் ஒரு சென்டைக் குறைத்தார்கள். ஜனவரி 31 அன்று ஏறக்குறைய 12,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். முன்னால் நின்றவர் எம்மா தெனாயுக்கா. அப்போது வயது 21. போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள், நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் நின்று, மார்ச்சில் மத்தியஸ்தத்துக்குப் போய், கூலியும் கொஞ்சம் ஏறியது. வெற்றி என்று சொல்லி இங்கே நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அமலுக்கு வந்தது: மணிக்கு 25 சென்ட். அந்தக் கூலி கொடுப்பதற்கு இயந்திரமே மேல் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. அடுத்த மூன்று ஆண்டுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை போனது.

நான் சொல்லப்போகிற பைக்கு அரை ராத்தல் பருப்பு வேண்டும். குறைத்த கூலியின்படி, முழுப் பாதிகளாகவே உடைத்துத் தந்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் பங்கு மூன்று சென்ட்.

பாகின் வரலாறு சுருக்கமானது. முட்டையும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து மாவுத் தட்டில் சுடுகிற ஏழைப் பைகள் தென்மாநிலங்களில் முன்பே உண்டு. செஸ் பை, சர்க்கரைப் பை என்று பல பெயர்கள். பெக்கானைப் போட்ட பை 1880-களின் பத்திரிகைகளில் தலைகாட்டத் தொடங்குகிறது. ஆரம்பத்தில் பாலும் முட்டையும் கலந்த கஸ்டர்டாக. கரும்புப் பாகு, மொலாசஸ் இருந்த வீட்டில் அதையும் ஊற்றினார்கள். கேரோ என்ற கார்ன் சிரப் கடைக்கு வந்தது 1902-இல். 1930-களில் அதை விற்ற கம்பெனி, பெக்கான் பை செய்முறையைத் தன் சரக்கோடு சேர்த்துப் பரப்பியது. உடைக்கும் பெண்கள் தெருவில் நின்ற அதே பத்தாண்டு. ஒரு தலைமுறை போனதும் அந்தச் செய்முறை பாட்டியின் கையெழுத்தில் அட்டைக்கு ஏறிவிட்டது. அட்டையை எழுதிய பாட்டியிடம் குறையில்லை. சிரப் விற்கிறவர் எழுதிய கதையில் சிரப் கதாநாயகனாக இருப்பது இயல்பு. அதைப் படிக்கிறவர் கொஞ்சம் சுதாரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விருந்து நாளைக்கூட அந்தப் பத்தாண்டில் வியாபாரம் அசைத்துப் பார்த்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட் தேங்க்ஸ்கிவிங்கை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. டெக்சாஸ் யார் மனதையும் நோகடிக்காமல் இரண்டு வியாழனையும் கொண்டாடியது. 1941-இல்தான் நவம்பர் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்தது.

சரி, அடுப்படிக்குப் போவோம்.

ஒன்பது அங்குலத் தட்டு. கண்ணாடித் தட்டாக இருந்தால் நல்லது, அடிப்பக்கம் சிவந்ததா என்று தூக்கிப் பார்க்கலாம். கிரஸ்டுக்கு 160 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, 115 கிராம் குளிர்ந்த வெண்ணெய், மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெயைத் துண்டு போட்டு மைதாவில் விரல்நுனியால் அமுக்குங்கள். பட்டாணி அளவில் தட்டையான துண்டுகள் தெரிய வேண்டும். ஓவனில் அந்த வெண்ணெய் உருகி ஆவி கிளம்பும்போதுதான் மடிப்பு மடிப்பாகப் பிரியும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கேதான் நம்மைக் கெடுக்கும். பிசையாதீர்கள். பிசையப் பிசைய மாவு ரப்பராகி, சுடும்போது தட்டின் விளிம்பிலிருந்து சுருங்கி உள்ளே போய்விடும். ஒன்றுசேர்ந்தால் போதும். தட்டையாக அமுக்கி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு திரட்டித் தட்டில் விரித்து, மறுபடி அரை மணி நேரம் குளிர வையுங்கள்.

பாகை ஊற்றுமுன் கிரஸ்டைத் தனியாகப் பாதி சுட்டுவிட வேண்டும். சுடாமல் ஊற்றினால் அடி களிபோல நிற்கும். ஃபாயில் விரித்து அதன்மேல் கனத்துக்குக் கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ நிரப்பி, 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம். கடலையை எடுத்துவிட்டு இன்னும் ஐந்தாறு நிமிடம். அந்தக் கடலை இனிச் சமைக்க உதவாது. ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் பல வருஷத்துக்கு இதே வேலைக்கு ஆகும்.

கிரஸ்ட் ஓவனில் இருக்கும்போதே இன்னொரு தட்டில் 225 கிராம் பருப்பைப் பரப்பி, மணம் வரும்வரை ஏழெட்டு நிமிடம் வறுத்து எடுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். பெக்கானில் நூற்றுக்கு எழுபது பங்கு எண்ணெய். சிவக்கத் தொடங்கினால் கருகுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஆறியதும் முக்கால் பங்கைப் பெரிய துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கை முழுப் பாதிகளாக மேலே வைக்க ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் முழுசாகப் போட்டால் பார்க்க அழகு, வெட்டும்போது கத்தி ஒவ்வொன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

பாகுக்கு: 130 கிராம் பிரௌன் சுகர், 200 கிராம் கார்ன் சிரப், 55 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. பாட்டில் கேட்கிற சர்க்கரையிலும் சிரப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறேன், உப்பைக் கூட்டியிருக்கிறேன். கார்ன் சிரப்பே வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வெறும் சர்க்கரைப் பாகு ஆறும்போது பூத்துவிடும். வாயில் நறநறவென்று இருக்கும். சிரப்பில் உள்ள குளுக்கோஸும் நீண்ட சங்கிலி மாவுச்சத்தும் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்பதைத் தடுக்கின்றன. ஜாமூன் பாகில் எலுமிச்சை பிழிகிறோமே, அதற்கும் பூக்காமல் காப்பதுதான் காரியம். கரும்புப் பாகு கிடைத்தால் பாதி அளவுக்கு அதைப் போடுங்கள், பையின் பழைய ருசி திரும்பும்.

இவற்றைச் சிறுதீயில் உருக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்ததும் மூன்று முட்டையை அடித்து மெல்லச் சேர்த்துக் கலக்குங்கள். நுரை கட்டவிடாதீர்கள், மேல்பரப்பு குமிழ் குமிழாகிவிடும். ஒரு தேக்கரண்டி வெனிலா. உடைத்த பருப்பைக் கிரஸ்டில் பரப்பி, வெதுவெதுப்பான பாகை மேலே ஊற்றுங்கள். பருப்பு தானாக மிதந்து மேலே வரும். ஒதுக்கி வைத்த பாதிகளைக் கடைசியில் அடுக்குங்கள்.

175 டிகிரியில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். விளிம்பு முன்னதாகச் சிவந்தால் ஃபாயிலால் ஓரத்தை மட்டும் மூடுங்கள். இந்தப் பையில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது ‘வெந்துவிட்டதா’ என்ற இடத்தில்தான். கடிகாரம் சொல்லாது, ஊசி விட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் உள்ளே இருப்பது கேக் அல்ல, முட்டையால் உறைய வேண்டிய பாகு. சர்க்கரை கூடக்கூட முட்டை உறையும் சூடும் மேலே ஏறும். அதனால் கஸ்டர்டு செய்து பழகியவர்கள்கூட இதைப் பச்சையாக எடுத்துவிடுகிறார்கள். வெட்டியதும் தட்டெல்லாம் ஓடுகிறது. தட்டை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல் உப்பி நிற்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒரு நடுக்கம் இருக்கலாம். நடுக்கம் அலையாகத் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. வெப்பமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம், நடுவில் 93 டிகிரி. முழுக்க இறுகும்வரை விட்டால் முட்டை திரிந்து நீர் விட்டுக்கொள்ளும்.

வெளியே எடுத்த பின்னும் உள்ளே வேகிறது. நான்கு மணி நேரமாவது ஆற வேண்டும். ஆகையால் வியாழக்கிழமை சுடாதீர்கள். அன்றைக்கு ஓவன் வான்கோழிக்குச் சொந்தம். இரண்டையும் உள்ளே திணிப்பவர்கள் இரண்டையும் கெடுப்பார்கள். புதன்கிழமை சுட்டு, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். முட்டைப் பண்டம், இரவெல்லாம் வெளியே கிடக்கக் கூடாது. மறுநாள் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் போதும். அருகில் இனிப்புச் சேர்க்காத, அடித்த க்ரீம்.

முட்டை சேர்க்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்டு எனக்குச் சீட்டு வந்திருக்கிறது. முட்டைக்குப் பதில் ஆளிவிதை, சோளமாவு என்று பலர் முயல்கிறார்கள். எனக்கு அந்தக் கொழகொழப்பு பிடிப்பதில்லை. அதைவிட, நிரப்பும் கலவைக்கு முட்டையே கேட்காத வேறொரு பரம்பரைக்குப் போய்விடலாம். சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில் ஒரு நட் டார்ட் செய்கிறார்கள்: சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கி, க்ரீம் ஊற்றி, வால்நட்டைப் போட்டுக் கெட்டியாகக் கிளறி மாவுக்குள் வைத்துச் சுடுவது. வால்நட்டுக்குப் பதில் பெக்கான் போட்டு, மேலே சொன்ன கிரஸ்டில் நிரப்புங்கள். பருப்புக்குப் பஞ்சமே இருக்காது. விருந்தாளிகளிடம் பெக்கான் பை என்று சொல்லாமல் டார்ட் என்று சொல்லிவிடுங்கள், வம்பில்லை.

கொட்டை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அறுவடை அக்டோபரில் தொடங்குகிறது, நவம்பரில் புதுச் சரக்கு வந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் தொங்குவது போன வருஷத்ததாக இருக்கலாம். எண்ணெய்ப் பருப்பு, சிக்குவாடை சீக்கிரம் வரும். டெக்சாஸின் சான் சபா பக்கம் போகிறவர்கள் பெக்கான் தோட்டத்திலேயே ஓட்டோடு வாங்குங்கள். ராத்தலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அங்கேயே இயந்திரத்தில் ஓட்டைக் கீறியும் தருவார்கள். சவ்வை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள், ஆளுக்கு ஒரு ராத்தல். பொறுக்கியதை மூடி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த அறுவடை வரை கெடாது. அடுத்த வருஷம் மரம் காய்க்காமலும் போகலாம்.